கடல்நீர்த் தொட்டி இறாலுக்கு என்ன ஆயிற்று? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் அலங்கார இறாலுக்கென்று கடையில் மருந்து கிடையாது. மீனுக்கு விற்கும் மருந்துகளில் பல இறாலைக் கொன்றுவிடும். அதனால் இறால் சோர்ந்து கிடந்தால் மருந்துக்கு அலையாதீர்கள். கடந்த இரண்டு நாளில் தொட்டியிலும், தொட்டி இருக்கும் அறையிலும் என்ன மாறியது என்று தேடுங்கள். தண்ணீர் மாற்றினீர்களா? புது உப்பு மூட்டை பிரித்தீர்களா? கரண்ட் போனதா? பக்கத்தில் யாராவது கொசு மருந்து அடித்தார்களா? இறால் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கும்.

இங்கே சொல்வது பரவலாகக் கிடைக்கும் இறால்களுக்கு: சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் கிளீனர் இறால், இரத்தச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த ஃபயர் இறால் (இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார உயிர்களில் இதற்கு நல்ல பெயர்), பெப்பர்மின்ட் இறால், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பேண்டட் கோரல் இறால், வாலைத் தூக்கி ஆட்டும் குட்டி செக்ஸி இறால்.

எந்த அறிகுறியானாலும் முதலில் தண்ணீரை அளந்துவிடுங்கள். உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது 25 டிகிரியில் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.026. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். பி.எச். 8.1 முதல் 8.4. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு). முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு தவறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது. 35 பி.பி.டி. அளவுத் திரவம் சின்னப் புட்டியில் கிடைக்கிறது, அதை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

"காலையில் பார்த்தால் இறால் செத்துக் கிடக்கிறது"

முதலில் அதை எடுத்துப் பாருங்கள். உள்ளே சதை இல்லாமல், கண்ணாடி மாதிரி லேசாக, தலைக்கவசமும் வாலும் சேரும் இடத்தில் பிளந்திருந்தால் அது இறால் உரித்துப்போட்ட தோல். மீசை, கால், கண் மூடி வரை முழு உருவமும் அப்படியே இருப்பதால் புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போகிறார்கள். இறால் ஏதோ ஒரு கல்லிடுக்கில் இருக்கும். புது ஓடு இறுகும்வரை, ஓரிரு நாள், வெளியே வராது, சாப்பிடாது. தேடிக் கல்லைப் புரட்ட வேண்டாம். நன்றாகச் சாப்பிடும் இறால் மூன்று முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுரிக்கும். சின்னது இன்னும் அடிக்கடி.

செத்த இறால் கனமாக, சதை மங்கி, கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். நாறவும் தொடங்கும். அப்படியானால் உடனே எடுத்துவிட்டு அம்மோனியா பாருங்கள். சின்னத் தொட்டியில் ஒரு பெரிய கிளீனர் இறால் அழுகினாலே மற்றவற்றுக்கு ஆபத்து.

"வாங்கி வந்த ஓரிரு நாளில் போய்விடுகிறது"

அதிகம் கேட்கும் புகார் இது. காரணம் பெரும்பாலும் உப்பு வேறுபாடு. பல கடைகள் உப்புச் செலவைக் குறைக்கவும், மீன் ஒட்டுண்ணிகளை அடக்கவும் தொட்டியை 1.018, 1.020 ஒப்படர்த்தியில் வைத்திருக்கும். மீன் அதைத் தாங்கும். இறாலுக்கு உடம்பின் நீரும் உப்பும் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும். பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டு அப்படியே கொட்டினால் அன்று நன்றாக ஓடித் திரியும், மறுநாளோ அதற்கு மறுநாளோ தோலுரிக்கப் பார்த்துச் செத்துவிடும். அதனால்தான் காரணம் புரியாமல் "கடைக்காரர் நோய் இறால் கொடுத்துவிட்டார்" என்று நினைக்கிறார்கள்.

உள்ளூர்க் கடையில் வாங்கியிருந்தால் சொட்டு முறை போதும். இறாலைப் பைத் தண்ணீரோடு ஒரு சின்ன வாளியில் விடுங்கள். தொட்டியிலிருந்து காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி வையுங்கள். தண்ணீர் இரண்டு மடங்கானதும் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடியும் சொட்டவிடுங்கள். வாளியின் உப்பும் தொட்டியின் உப்பும் ஒன்றாகும்வரை, ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகட்டும். கடிகாரத்தைவிட ரிஃப்ராக்டோமீட்டரைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. பிறகு இறாலை மட்டும் ஒரு கோப்பையில் பிடித்து விடுங்கள். வலை வேண்டாம், மீசையும் காலும் சிக்கி ஒடியும். பேண்டட் கோரல் இறாலுக்கு வலை சுத்தமாக ஆகாது.

கூரியரில் ஒரு நாள் பயணப்பட்டு வந்த பைக்கு இந்த முறை பொருந்தாது. பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் அது அதிகம் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும். உடனே அந்த அம்மோனியா நஞ்சாகும். அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் சொட்டவிட்டால் இறாலை நாமே நஞ்சில் ஊறவைத்த மாதிரி. இதற்கு வழி: பையைத் திறந்ததும் அதன் உப்பை அளந்து, முன்பே கலந்து வைத்த நல்ல கடல்நீரை ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து அதே உப்புக்குக் கொண்டுவந்து, வெப்பமும் ஒத்திருக்கிறதா பார்த்து, இறாலை அதற்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் அந்த வாளிக்குள் தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட்டு உப்பை மெதுவாக ஏற்றலாம்.

விட்ட பிறகு விளக்கை அணைத்து வையுங்கள். முதல் நாள் சாப்பிடாவிட்டால் கவலை வேண்டாம்.

"மீனெல்லாம் நலம், இறால் மட்டும் எல்லாம் ஒன்றாகச் செத்தன"

இதைப் பார்த்தால் நஞ்சு என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் இரண்டு நஞ்சுகள் முக்கியம்.

ஒன்று, செம்பு. மீனுக்கு வரும் வெண்புள்ளி, வெல்வெட் நோய்களுக்குக் காப்பர் சல்பேட் மருந்தை, தண்ணீரில் செம்பு 0.15 முதல் 0.2 பி.பி.எம். இருக்கும்படி போடுவார்கள். மீன் பிழைக்கும், இறால் பிழைக்காது. இறால் இரத்தத்திலேயே செம்பு இருக்கிறது, அதுதான் அதற்கு உயிர்வளி சுமக்கிறது. இருந்தும் தண்ணீரில் கொஞ்சம் கூடினால் தாங்காது. மருந்து போட்ட பழைய தொட்டியை வாங்குவதில் சிக்கல் இங்கேதான். சுண்ணாம்புக் கல்லும் மணலும் செம்பைப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். பழைய தொட்டியின் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். மணல், கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

செம்பு வருவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. இப்போது வீட்டுக்கு வாங்கும் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் தண்ணீரில் செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. குடிக்க நல்லது என்று விற்கிறார்கள். அந்தத் தண்ணீரில் கடலுப்பைக் கலந்தால் தொட்டிக்குள் வாரந்தோறும் செம்பு ஊற்றுகிறோம். உப்பு கலக்கவும், ஆவியான தண்ணீரை ஈடுசெய்யவும் செம்பும் தாதுவும் சேர்க்காத ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) பூஜ்யத்துக்கு அருகில் இருப்பது நல்லது, மிச்ச அயனிகளையும் நீக்கும் டீ-அயனைஸ் பகுதியும் சேர்த்தால் இன்னும் நல்லது. செம்புக் குடம், பித்தளைக் குழாய் வழியாக வந்த தண்ணீரும் வேண்டாம். செம்பு டெஸ்ட் கிட் கையில் வைத்திருங்கள். ஆனால் அது "இல்லை" என்று காட்டினால் முழுதாக நம்பிவிட வேண்டாம், சின்ன அளவைப் பல கிட்கள் பிடிக்காது.

இரண்டாவது, கொசு மருந்து. சுருள், மேட், சுவரில் செருகும் திரவம், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், அல்லெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை நஞ்சுகள் இருக்கின்றன. பூச்சியின் நரம்பை முடக்கத்தான் அவை. இறாலும் கணுக்காலி இனம், கொசுவுக்கு ஒருவகையில் உறவு. மீனுக்கும் இந்த நஞ்சு ஆகாது, இறாலுக்கு அதைவிடக் குறைவான அளவே போதும். தொட்டி இருக்கும் அறையில் திரவத்தைச் செருகிவைத்து, அதே அறைக் காற்றை ஏர் பம்ப் இழுத்து இரவு முழுக்கத் தண்ணீருக்குள் குமிழியாக விட்டால் என்ன ஆகும்? இறால் துடிக்கும், பின்னோக்கித் தெறித்து ஓடும், பக்கவாட்டில் விழுந்து காலை உதறும். மழைக்காலத்தில் தெருவில் மாநகராட்சிப் புகை வண்டி வரும் நாளிலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது: மருந்தை அணைத்து, ஏர் பம்பை நிறுத்தி, ஜன்னலைத் திறங்கள். தண்ணீர் அசைவைத் தொட்டிக்குள் ஓடும் பவர்ஹெட் பம்ப் பார்த்துக்கொள்ளும். உப்பும் வெப்பமும் ஒத்த தண்ணீரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றுங்கள். புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். செம்பு சந்தேகம் இருந்தால் கார்பன் மட்டும் போதாது. செம்பை உறிஞ்சும் பாலிஃபில்டர் அட்டையோ குப்ரிசார்ப்போ வையுங்கள். பாலிஃபில்டர் நீலமாகத் திரும்பினால் செம்பு உறுதி. இனிமேல் தொட்டி இருக்கும் அறைக்குக் கொசுவலைதான். தயவுசெய்து இதில் சமரசம் வேண்டாம்.

நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கை, செடிக்குப் பூச்சிமருந்து அடித்த கை, கிரீம் பூசிய கை இவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

"பாதித் தோலுரித்து மாட்டிக்கொள்கிறது"

தலைப்பக்கம் பிளந்து, வால் வெளியே வராமல், அல்லது கால்கள் பழைய தோலில் சிக்கி இறால் சாகிறது. கையால் இழுத்து உதவ நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது வெண்ணெய் மாதிரி மெத்தென்ற உடம்பு, பிய்ந்துவிடும். அந்த இறாலுக்குச் செய்யக்கூடியது குறைவு. அடுத்ததைக் காப்பாற்றத்தான் காரணம் தேடுகிறோம்.

முதல் சந்தேகம் உப்பு ஏறி இறங்குவது. ஒரு கணக்குப் போடுவோம். 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் ஆவியானால் உப்பு அப்படியே தங்கிவிடும்; 35 இருந்த அளவு ஏறக்குறைய 36.8 ஆகும். அதைக் கடல்நீரால் நிரப்பினால் கூடிய உப்பு கூடியபடியே நிற்கும், ஒவ்வொரு வாரமும் ஏறும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், நிரப்புவதும் உப்பில்லாத தண்ணீராகவே இருக்கட்டும். அதையும் வாரம் ஒருமுறை மொத்தமாகக் கொட்டாமல் தினமும் கொஞ்சமாக ஊற்றுங்கள். மிதவை வைத்துத் தானாக நிரப்பும் கருவி இறால் தொட்டிக்கு நான் முதலில் வாங்கச் சொல்லும் பொருள்.

கடற்கரையிலிருந்து தண்ணீர் கொண்டுவருபவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கட்டாயம் அளந்து பாருங்கள். ஆற்று முகத்துவாரம் பக்கம் உப்பு நன்றாகக் குறைந்திருக்கும், சாக்கடையும் கலந்திருக்கும்.

இரண்டாவது, தாதுக்கள். காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். நல்ல மரைன் சால்ட்டில் வாரம் பத்து சதவீதம் மாற்றிவந்தால் இவை தாமாகவே சரியாக இருக்கும். அயோடின் ஊற்றினால் தோலுரிப்பு சரியாகும் என்று எல்லாரும் சொல்வார்கள். கடல்நீரில் இயற்கையாக இருப்பதே 0.06 பி.பி.எம். அளவுதான். அளந்து பார்க்காமல் ஊற்றினால் மிஞ்சிப்போய் நஞ்சாகும். உப்பிலும் தீனியிலும் வருவதே போதும்.

மூன்றாவது, பட்டினி. மீன் வளர்ப்பவர்கள் இறால் "மிச்சத்தைத் தின்றுகொள்ளும்" என்று விட்டுவிடுகிறார்கள். விளக்கணைத்த பிறகு கடையில் விற்கும் மைசிஸ், கிரில் (குட்டி இறால்வகைத் தீனிகள்), மூழ்கும் பெல்லட் கொஞ்சம் அதன் பக்கத்தில் போடுங்கள்.

"மேலே ஏறி, தண்ணீர் மட்டத்தில் ஒட்டி நிற்கிறது"

உயிர்வளி குறைவு. கத்திரி வெயிலில் இது சகஜம். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் உயிர்வளி பிடிக்கும், 30 டிகிரியில் 6.2 அளவுதான். அதே வெப்பத்தில் மீனும் இறாலும் அதிகமாக மூச்சுவிடும். தண்ணீர் மேல்பரப்பை அலையடிக்க வையுங்கள், மூடியைத் திறந்து வலைமூடி போடுங்கள், மேற்பரப்பில் ஒரு சின்ன விசிறி ஓடவிடுங்கள். விசிறியால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னை மாதிரிக் காற்றே ஈரமான ஊரில் அதற்கும் குறையலாம். விசிறி ஓடினால் ஆவியாவதும் கூடும், முன்னே சொன்ன உப்புக் கணக்கை மறக்க வேண்டாம். ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டுச் சட்டென்று குளிரவைப்பது இறாலுக்கு வெயிலைவிட மோசம். கரண்ட் போகும் ஊரானால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

"காணவே காணோம்"

மூன்று நாள் வரை தோலுரிப்பு என்று காத்திருங்கள். அதற்கு மேல் ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்திறங்கும் பெட்டி), சம்ப் (கீழே உள்ள ஃபில்டர் தொட்டி), ஃபில்டர் பை, தொட்டிக்குப் பின்னால் தரை எல்லாம் பாருங்கள். அப்புறம் கூட இருக்கும் மீனை யோசியுங்கள். சிங்கமீன், டிரிகர், பேத்தை, ஹாக் மீன், பெரிய ராஸ் ஆகியவை இறாலை விழுங்கும். சிக்ஸ்லைன் ராஸ் மாதிரி சின்ன மீன்கூட இறால் தோலுரித்து மெத்தென்று இருக்கும் இரவில் கொத்திவிடும். பேண்டட் கோரல் இறால் ஜோடி அல்லாத தன் இனத்தையும், சின்ன இறால்களையும் விட்டுவைக்காது. ஒரு தொட்டிக்கு ஒன்று, அல்லது கடையிலேயே சேர்ந்திருக்கும் ஜோடி.

இரவில் 'டக்' என்று சத்தம் கேட்டால் கல்லோடு வந்த மான்டிஸ் இறாலோ பிஸ்டல் இறாலோ இருக்கலாம். பிஸ்டல் பெரும்பாலும் தன் குழியோடு சரி. மான்டிஸ் வேட்டையாடும், அதைப் பொறிவைத்துப் பிடித்தே ஆக வேண்டும். கல் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடின பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாப் பவளக்கல் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். செராமிக் கல்லில் பாக்டீரியா வளர்த்தாலே தொட்டிக்குப் போதும்.

"உடம்பு வெளுத்துவிட்டது", "ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது"

வால் சதை பால் மாதிரி மங்கினால் அது தசை அழுகல். உயிர்வளிக் குறைவு, திடீர் உப்பு மாற்றம், நீண்ட பயணம் ஆகியவற்றின் விளைவு. மங்கல் சின்ன இடத்தில் இருந்து தண்ணீரும் சரியானால் சிலது தேறும். பரவினால் கடினம்.

சந்தையில் வாங்கிய பச்சை இறாலை நறுக்கித் தீனியாகப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். நம் இறால் பண்ணைகளை ஆட்டிவைத்த வெள்ளைப்புள்ளி வைரஸ் பல வகை இறால், நண்டுகளுக்குத் தொற்றும். ஃப்ரீசரில் வைத்தாலும் அழியாது. தீனிக்கு மீன் சதை நறுக்கிப் போடுங்கள்.

தலைக்கவசத்தின் ஒரு பக்கம் மட்டும் மொட்டு மாதிரிப் புடைத்திருந்தால் செவுள் அறைக்குள் ஐசோபாட் ஒட்டுண்ணி குடியிருக்கிறது. கடையிலேயே பார்த்து ஒதுக்க வேண்டிய இறால் அது. வீட்டுக்கு வந்துவிட்டால் பிடுங்கப் பார்க்க வேண்டாம். அதோடு பல மாதம் வாழும் இறால்கள் உண்டு.

காலோ கொடுக்கோ மீசையோ உதிர்ந்ததற்குப் பயப்பட வேண்டியதில்லை. அடுத்தடுத்த தோலுரிப்பில் முளைத்துவிடும்.

"பெப்பர்மின்ட் இறால் ஐப்டேசியாவைத் தொடவே இல்லை"

ஐப்டேசியா என்பது தொட்டியில் களைபோலப் பரவும் சின்னக் கடல் அனிமோன்; அதைத் தின்னும் என்றுதான் பலர் பெப்பர்மின்டை வாங்குகிறார்கள். தொடவில்லை என்றால் நீங்கள் வேறு இறாலை வாங்கியிருக்கலாம். கேமல் இறாலைப் பெப்பர்மின்ட் என்று விற்பது நடக்கிறது. கேமலுக்கு முதுகில் கூன் இருக்கும், சிவப்பு உடம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடுகள் இருக்கும், கண் பெரியது. அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு சோயாந்திட், மஷ்ரூம் போன்ற பவள வகை உயிர்களைக் கொறிக்கும். உண்மையான பெப்பர்மின்ட் கண்ணாடி உடம்பில் மெல்லிய சிவப்புக் கோடுகளோடு இருக்கும். அதுதான் என்றால் தீனியைக் குறைத்து இரண்டு வாரம் பொறுங்கள். இரவில்தான் வேலை செய்யும், பெரிய ஐப்டேசியாவைத் தொடத் தயங்கும்.

ஹார்லெக்வின் இறாலுக்கு நட்சத்திர மீன் மட்டுமே உணவு. தொடர்ந்து அதைக் கொடுக்க வழியில்லை என்றால் அழகைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், பட்டினியால்தான் சாகும்.

"முட்டை சுமக்கிறது, குஞ்சைக் காணோம்"

வயிற்றுக்கடியில் பச்சைக் கொத்து தெரிந்தால் நோயில்லை, முட்டை. கிளீனர், ஃபயர், பெப்பர்மின்ட் வகைகள் முதலில் ஆணாகி, வளர்ந்தபின் ஆணும் பெண்ணுமாக ஒரே உடம்பில் இருக்கும். ஒரே வகையில் வளர்ந்த எந்த இரண்டைச் சேர்த்தாலும் முட்டை வரும். இரண்டு வாரம் போல் ஆனதும் இரவில் பொரியும். மிதக்கும் அந்த லார்வாவை மீனும் ஃபில்டரும் தின்றுவிடும். காப்பாற்றினாலும் பெரிதாக மாதங்கள் பிடிக்கும், தினமும் நுண்ணுயிர்த் தீனி வேண்டும். வீட்டில் வளர்த்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் லட்சத்தீவின் அகத்தியில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பெருக்கிவரும் அலங்கார இறால்களைப் போன்ற சின்ன வகைகளில் தொடங்கினால் நல்லது.

முட்டை பொரிந்த கையோடு தாய் இறால் மறுபடி தோலுரிக்கும். அதனால் கொத்து வெளிறி, உள்ளே வெள்ளிக் கண்கள் மின்னத் தொடங்கினால் அந்த வாரம் பெரிய தண்ணீர் மாற்றத்தைத் தள்ளிவையுங்கள்.